விந்தகத் திசுவை நுண்ணோக்கியில் படிப்பது எப்படி? குழந்தையின்மைப் பயாப்ஸியைப் பார்க்கத் தொடங்குவோருக்கு

குழந்தையின்மைக்காக எடுக்கப்பட்ட விந்தகப் பயாப்ஸி முதன்முதலாகத் தம் மேசைக்கு வரும்போது, நோயியல் துறையில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் பலரும் திகைத்துப்போவதைப் பார்த்திருக்கிறேன். கட்டிகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே பிடிமானமாக எதுவும் தென்படுவதில்லை. அரிசிமணி அளவில் ஒரு திசுத்துண்டு, அதில் வட்டவட்டமாகக் குழல்கள், குழல்களுக்குள் ஒன்றைப் போலவே இன்னொன்றாகத் தோன்றும் உருண்டைச் செல்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் துண்டைப் பற்றி நாம் எழுதும் நான்கைந்து வரிகளை வைத்துத்தான், ஒரு தம்பதியிடம் ‘உங்கள் விந்தணுவைக் கொண்டே முயன்று பார்க்கலாம்’ என்றோ, ‘கொடையாளரின் விந்தணுவைப் பற்றி யோசியுங்கள்’ என்றோ மருத்துவர் சொல்லப்போகிறார். பிள்ளை இல்லாத வீட்டில் விசாரிக்காமலேயே பெண்ணின் மேல் பழி போடும் வழக்கம் நம்மிடம் இன்னும் ஒழிந்துவிடவில்லை என்பதால், இந்தச் சின்னஞ்சிறு துண்டைப் பொறுமையாகப் படிப்பது எனக்கு எப்போதும் முக்கியமான வேலையாகவே பட்டிருக்கிறது.

புதியவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு குழலையும் வெளிச்சுவரில் தொடங்கி, குழலின் நடுவிலுள்ள வெற்றிடமான உள்வெளியை நோக்கி, எப்போதும் ஒரே வரிசையில் படியுங்கள், போதுமான குழல்களைப் படித்து முடிக்கும்வரை நிலைக்குப் பெயர் வைக்காதீர்கள்.

கண்ணாடி வில்லையை (ஸ்லைடை) எடுக்கும் முன்

திசுவுடன் வரும் கோரிக்கைப் படிவத்தை முதலில் முழுவதும் படிக்க வேண்டும். அதில் நீங்கள் தேட வேண்டியவை: விந்துப் பரிசோதனையில் விந்தணு அறவே இல்லையா அல்லது குறைவாக இருக்கிறதா, அந்தப் பரிசோதனை ஒருமுறைக்கு மேல் செய்யப்பட்டதா, இரு விந்தகங்களின் பருமன் எவ்வளவு, விந்துக்குழாய் இருபுறமும் கைக்குத் தட்டுப்படுகிறதா, இரத்தத்தில் விந்தகத்தைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்எஸ்எச், எல்எச் ஆகியவற்றின் அளவும் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் அளவும் என்ன என்பவை. சிறுவயதில் விந்தகம் இறங்காமல் இருந்தது, பருவமடைந்த பிறகு வந்த பொன்னுக்கு வீங்கி, புற்றுநோய்க்கான மருந்து அல்லது கதிர்வீச்சு, உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொண்ட ஸ்டீராய்டு ஊசி ஆகியவை குறிப்பிடப்படாவிட்டால், தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது.

இந்த விவரங்கள் ஏன் வேண்டும் என்பதற்கு ஓர் உதாரணம். விந்தகம் நல்ல பருமனோடு இருக்கிறது, எஃப்எஸ்எச் இயல்பான அளவில் இருக்கிறது, ஆனால் விந்தில் விந்தணு இல்லை என்றால், வெளியே குழாயில் அடைப்பு இருக்கலாம். அல்லது உள்ளே விந்தணு உருவாக்கம் பாதியில் நின்றுபோயிருக்கலாம். மருத்துவரின் அறையில் இந்த இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். நுண்ணோக்கியின் கீழ் வைத்தாலோ ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. விந்தகம் சிறுத்து எஃப்எஸ்எச் உயர்ந்திருக்குமானால், குழல்களில் விந்தணுவாக வளரும் ஜெர்ம் செல்கள் குறைந்திருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். எதிர்பார்த்ததற்கு மாறாக வில்லையில் எல்லாம் இயல்பாகத் தெரிந்தால், பெயர் எழுதிய துண்டுச்சீட்டை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும்.

ஆண் குழந்தையின்மையில் இந்தப் பயாப்ஸியின் பயனை அமெரிக்காவின் சார்னி 1940இல் எழுதினார். விந்தணு ஒன்றை நேரடியாகக் கருமுட்டைக்குள் செலுத்தும் இக்ஸி முறை 1992இல் பிரஸ்ஸல்ஸிலிருந்து அறிவிக்கப்பட்ட பிறகு, இதன் பொருளே மாறிவிட்டது. அதற்கு முன் ‘மிகக் குறைவு’ என்பதும் ‘இல்லை’ என்பதும் நோயாளிக்கு ஏறக்குறைய ஒன்றுதான். இன்று ஒரே ஒரு குழலில் தென்படும் இரண்டு மூன்று முதிர்ந்த செல்கள்கூட வழி திறந்துவிடக் கூடும். நோயறிவதற்கென்று மட்டும் பயாப்ஸி எடுப்பது குறைந்து, விந்தணு எடுக்கும் அறுவைச் சிகிச்சையின்போதே ஒரு துண்டை நமக்கு அனுப்பும் வழக்கம் கூடியிருப்பதும் இதனால்தான்.

திசுவைப் பதப்படுத்துதல்

விந்தணு எடுப்பதற்கான துண்டை அறுவை அரங்கிலேயே வளர்ப்பு ஊடகத்தில் தனியாக வைத்துவிட வேண்டும்; பதப்படுத்தும் திரவத்தில் விழுந்த துண்டிலிருந்து உயிருள்ள விந்தணுவை மீட்க முடியாது. நமக்கு வரும் துண்டு, கூடுமானவரை, பூவான் கரைசலில் வர வேண்டும். பிக்ரிக் அமிலம், ஃபார்மலின், அசிட்டிக் அமிலம் மூன்றும் சேர்ந்த இந்த மஞ்சள் நிறக் கரைசலை ஆய்வகப் பேச்சில் ‘பாயின்ஸ்’ என்பார்கள். சாதாரண ஃபார்மலினில் போட்ட விந்தகத் திசுவில் குழல்கள் சுருங்கி, செல்களுக்கிடையே பொய்யான இடைவெளிகள் விழுந்து, உட்கருவின் நுணுக்கம் மங்கிவிடும். செல்களின் உட்கருவைப் பார்த்தே இங்கே எல்லாவற்றையும் முடிவு செய்கிறோம் என்பதால் அந்த மங்கல் பெரிய இழப்பு. பூவான் கிடைக்காத இடங்களில் திருத்திய டேவிட்சன் கரைசலும் நன்றாகவே வேலை செய்யும்.

பூவானுக்கு இரண்டு குறைகள் உண்டு. டிஎன்ஏவை அது சிதைப்பதால் மரபணுச் சோதனைக்கு அந்தத் திசு உதவாது. அதிலுள்ள அசிட்டிக் அமிலம் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடுவதால், மற்ற திசுக்களில் சிவப்பணுவை அளவுகோலாகக் கொள்ளும் பழக்கம் இங்கே கைகொடுக்காது. பிக்ரிக் அமிலம் உலர்ந்துபோனால் வெடிக்கும் தன்மை பெறும் என்பதைக் கிடங்கைப் பார்த்துக்கொள்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். சில மணி நேரம், அதிகம் போனால் ஓர் இரவு திசு அதில் கிடந்தால் போதும்; பிறகு 70 சதவீத ஆல்கஹாலில் மஞ்சள் நிறம் போகும்வரை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும்.

துண்டை எடுக்கும் விதம் இதைவிட முக்கியம். விந்தகத்தை மூடியிருக்கும் வெள்ளைநிற உறையில் சிறு கீறல் போட்டு, மெல்ல அழுத்தும்போது பிதுங்கி வரும் திசுவைக் கூர்மையான கத்தரியால் வெட்டி, இடுக்கியால் தொடாமலேயே குப்பிக்குள் விட வேண்டும். நான் முதுகலை மாணவியாக இருந்தபோது வந்த ஒரு பயாப்ஸியில் குழல்களின் உள்வெளி முழுவதும் செல்கள் குவிந்து அடைத்துக்கொண்டிருந்தன. ‘செல்கள் உதிர்ந்து, உருவாக்கம் ஒழுங்கு குலைந்துள்ளது’ என்று எழுதிக்கொண்டு போய் நின்றேன். மேடம் வில்லையை ஒரு நிமிடம் நகர்த்திப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஓரத்துல செல்லெல்லாம் இழுபட்டுக் கோடுகோடாக் கிடக்குதே, பார்த்தியா? இது இடுக்கி புடிச்ச வேலை. நடுவுல நசுங்காத குழலாப் பாரு” என்றார். நடுவில் இருந்த ஆறேழு குழல்களில் எல்லாச் செல்களும் அடுக்கடுக்காக, ஒழுங்காக இருந்தன. அழுத்தம் பட்டால் ஜெர்ம் செல்கள் சுவரை விட்டுக் கழன்று உள்வெளியில் கொட்டும் என்பதை அன்றிலிருந்து மறந்ததில்லை. இப்படி நசுங்கிய துண்டை வைத்து எந்த முடிவும் சொல்லாமல், ‘நசுங்கலால் மதிப்பிட இயலவில்லை’ என்று எழுதுவதுதான் நேர்மை.

பாரஃபினில் பதித்த பிறகு 4 முதல் 5 மைக்ரான் தடிமனில் சீவல்கள் எடுத்து, ஹீமட்டாக்ஸிலின், இயோசின் சாயங்களில் தோய்க்க வேண்டும். தடிமனான சீவலில் செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்து வகை பிரிப்பதைக் கெடுக்கும். ஒரே ஆழத்தில் நின்றுவிடாமல் குறைந்தது மூன்று ஆழங்களில் சீவச் சொல்லுங்கள். குழல்சுவரின் தழும்பைக் காண மாசன் ட்ரைக்ரோம் சாயமும், அடித்தளச் சவ்வையும் கிளைக்கோஜனையும் காண பிஏஎஸ் சாயமும் கையிருப்பில் இருந்தால் நல்லது.

இயல்பான குழலை மனப்பாடமாக்குதல்

நோய்ப்பட்ட திசுவுக்குப் போகும் முன், அடைப்பினால் மட்டும் விந்தணு வராதவர்களின் பழைய பயாப்ஸி வில்லைகளைத் துறையின் அலமாரியிலிருந்து எடுத்து, பத்தையாவது நிதானமாகப் பாருங்கள். இயல்பான உருவாக்கம் எப்படி இருக்கும் என்பதை இளம் வயதுத் திசுவில் காட்ட இவற்றை விட்டால் வேறு நல்ல வில்லை கிடைப்பது அரிது. பிணப் பரிசோதனையில் எடுத்த விந்தகம் பெரும்பாலும் சிதையத் தொடங்கியிருக்கும். முதியவர்களிடமிருந்து அகற்றப்பட்ட விந்தகத்தில் வயதினால் குழல்சுவர் தடித்திருக்கும்.

ஒரு விந்தகத்தில் ஏறத்தாழ 250 நுண்கதுப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒன்று முதல் நான்கு நுண்குழல்கள் நூல்கண்டு போலச் சுருண்டு கிடக்கின்றன. சீவலில் நாம் காணும் வட்டங்களும் நீள்வட்டங்களும் அந்தச் சுருள்களின் வெட்டுமுகங்கள்தான். பக்கத்துப் பக்கத்தில் தெரியும் இரண்டு வட்டங்கள் ஒரே குழலின் இரண்டு மடிப்புகளாகவும் இருக்கலாம்.

முதலில் 4 எக்ஸ் லென்ஸில் துண்டு முழுவதையும் சுற்றிப் பாருங்கள். குழல்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றனவா, நடுநடுவே சிறுத்துப்போன குழல்கள் உண்டா, குழல்களுக்கிடையே உள்ள இடம் குறுகலா, அகலமா என்பதை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். வயதுவந்தவரின் இயல்பான குழல் 150 முதல் 250 மைக்ரான் விட்டம் கொண்டது. இதை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. கண்வில்லையின் புல எண் 20 என்றால், 40 எக்ஸ் லென்ஸில் தெரியும் வட்டப் புலத்தின் விட்டம், 20ஐ 40ஆல் வகுக்க, அரை மில்லிமீட்டர். 200 மைக்ரான் குழல் அதில் ஐந்தில் இரண்டு பங்கை அடைத்துக்கொள்ளும். பத்து நாள் இப்படிப் பார்த்துப் பழகினால், சிறுத்த குழல் எது என்பதைக் கண்ணே சொல்லிவிடும்.

அடுத்து 40 எக்ஸுக்கு வந்து, நன்கு வட்டமாக வெட்டுப்பட்ட ஒரு குழலைத் தேர்ந்தெடுங்கள். சாய்வாக வெட்டுப்பட்டு உள்வெளி தெரியாத குழலை ஒதுக்கிவிடுங்கள். அதில் சுவரோரச் செல்கள் மட்டுமே அகப்பட்டிருக்கும் என்பதால், முதிர்ந்த செல்களே இல்லை என்ற பொய்த் தோற்றத்தை அது தரும். இந்த ஒரு பிழையில் விழாத புதியவரை நான் கண்டதில்லை.

இப்போது சுவர். இயல்பான குழலின் சுவரில், இளஞ்சிவப்பாக மெல்லிய அடித்தளச் சவ்வும், அதைச் சுற்றி ஊசிபோல் நீண்ட உட்கருவுடைய தட்டையான மயாய்ட் செல்கள் சில அடுக்குகளும் இருக்கும். சுருங்கி விரிந்து குழலின் உள்ளடக்கத்தை முன்னே தள்ளுபவை இவை. இந்தச் சுவர் கண்ணுக்கு ஒரு மெல்லிய கோடாகத் தெரிய வேண்டும். தடித்த வளையமாகத் தெரிந்தால் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

சுவரை ஒட்டி உள்ளே இரண்டு வகைச் செல்கள் அருகருகே அமர்ந்திருக்கும். செர்டோலி செல்லை அதன் உட்கருவைக் கொண்டுதான் அடையாளம் காண வேண்டும், ஏனெனில் அதன் உடலின் எல்லை எங்கே முடிகிறது என்பது சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது. உட்கரு வெளிறி, முட்டை வடிவிலோ மடிப்பு விழுந்தோ இருக்கும். நடுவில் ஒற்றை நியூக்ளியோலஸ், பொட்டு வைத்ததுபோல் தெளிவாகத் தெரியும். 1865இல் இத்தாலியரான செர்டோலி விவரித்த இந்தச் செல், அடித்தளத்திலிருந்து உள்வெளிவரை நீண்டு, வளரும் ஜெர்ம் செல்கள் அனைத்தையும் தன் மடிப்புகளில் தாங்கி ஊட்டுகிறது. பக்கத்துச் செர்டோலி செல்களோடு இறுக்கமாகப் பிணைந்து, இரத்தத்துக்கும் வளரும் விந்தணுவுக்கும் நடுவே தடுப்பாகவும் அமைகிறது.

செர்டோலி உட்கருக்களுக்கு இடையே, அடித்தளச் சவ்வின்மேல் நேராகப் படிந்திருக்கும் உருண்டையான உட்கருக்கள், விந்தணு வரிசையின் தொடக்கச் செல்களான ஸ்பெர்மட்டோகோனியா. சிலவற்றின் குரோமாட்டின், அதாவது உட்கருவிலுள்ள டிஎன்ஏ பொருள், அடர்ந்தும் சிலவற்றில் வெளிறியும் இருக்கும். தொடக்கத்தில் அந்த உட்பிரிவுகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவை இருக்கின்றனவா இல்லையா என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

ஓர் அடுக்கு உள்ளே வந்தால், குழலிலேயே பெரிய உருண்டை உட்கருக்கள் தெரியும். நூலைச் சுருட்டி வைத்ததுபோல் கரடுமுரடான குரோமாட்டின் கொண்ட இவை முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகள். குரோமோசோம்கள் இணை சேர்ந்து பரிமாறிக்கொள்ளும் கட்டம் மூன்று வாரங்களுக்கும் மேல் நீள்வதால், எந்த வில்லையிலும் இவை ஏராளமாகக் கிடைக்கும். இரண்டாம்நிலை ஸ்பெர்மட்டோசைட்டுகளோ சில மணி நேரமே நிலைத்திருப்பவை. அவற்றைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

இன்னும் உள்ளே வந்தால் உட்கருவின் அளவு சட்டென்று குறையும். சிறிய, சீரான, உருண்டையான உட்கருக்கள் இளம் ஸ்பெர்மாட்டிட்டுகள். உள்வெளியின் விளிம்பில், செர்டோலி செல்லின் நுனியில் தலையைச் செருகியபடி, கருநீலமாய் இறுகி அம்புமுனைபோல் நீண்டிருப்பவை முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்டுகள். சீவலில் வால் ஒவ்வொரு முறையும் அகப்படுவதில்லை என்பதால், முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்டையும் விந்தணுவையும் பிரித்தறிவதில் மல்லுக்கட்டத் தேவையில்லை. இரண்டும் ஒரே நற்செய்தியைத்தான் சொல்கின்றன.

எலியின் விந்தகத்தில் பாடம் படித்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எலியில் ஒரு குழலின் வெட்டுமுகம் முழுவதும் பொதுவாக ஒரே கட்டத்தில் இருக்கும். மனிதனில் அப்படியில்லை. ஆறு கட்டங்கள் கொண்ட சுழற்சி ஒரே வட்டத்துக்குள் ஒட்டுப்போட்ட துணிபோல் திட்டுத்திட்டாகக் கலந்திருக்கும். ஆகவே, குழலின் ஒரு பக்கம் நீண்ட ஸ்பெர்மாட்டிட் நிறைந்தும் எதிர்ப்பக்கம் ஒன்றுகூட இல்லாமலும் இருப்பது மனிதனுக்கு இயல்பே. ஒரு குழலின் ஒரு பக்கத்தைப் பார்த்துவிட்டு ‘முதிர்ச்சி நின்றுவிட்டது’ என்று எழுதக் கூடாது. ஒரு சுழற்சிக்கு 16 நாள், ஸ்பெர்மட்டோகோனியாவிலிருந்து விந்தணுவரை ஏறத்தாழ 74 நாள் என்று 1960களில் ஹெல்லரும் கிளெர்மாண்டும் கணக்கிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் வந்துபோன கடுங்காய்ச்சலின் தடயம் இன்றைய திசுவில் தெரியக்கூடும் என்பதை இந்தக் கணக்கு நினைவூட்டும்.

எண்ணுதல்

இதே வரிசையில் குறைந்தது 20, முடிந்தால் 30 வட்டமான குழல்களைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள். டென்மார்க்கின் ஜான்சன் 1970இல் தந்த பத்துப் புள்ளி அளவை இதற்குப் போதுமானது. முழுமையான உருவாக்கமும் நிறைய விந்தணுவும் இருந்தால் 10. விந்தணு நிறைய இருந்தும் அடுக்கு குலைந்திருந்தால் 9. விந்தணு சிலவே என்றால் 8. விந்தணு இல்லாமல் ஸ்பெர்மாட்டிட் நிறைய இருந்தால் 7, சிலவே இருந்தால் 6. அதுவும் இல்லாமல் ஸ்பெர்மட்டோசைட் நிறைய இருந்தால் 5, சிலவே இருந்தால் 4. ஸ்பெர்மட்டோகோனியா மட்டும் இருந்தால் 3, செர்டோலி மட்டும் இருந்தால் 2, செல்லே இல்லாவிட்டால் 1.

இந்த மதிப்பெண்களின் சராசரியை மட்டும் அறிக்கையில் எழுதி அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். எல்லாக் குழல்களும் 5 பெற்ற ஒருவருக்கும், பாதிக் குழல்கள் 8, மீதிப் பாதி 2 பெற்ற இன்னொருவருக்கும் சராசரி 5தான். முதலாமவரின் திசுவில் ஒரு விந்தணுகூட இல்லை. இரண்டாமவரின் திசுவில் பாதிக் குழல்கள் விந்தணுவைச் செய்துகொண்டிருக்கின்றன. இருவருக்கும் ஒரே எண்ணை எழுதி அனுப்பினால், இரண்டாமவருக்கு நாம் அநியாயம் செய்தவர்களாவோம். எனவே சராசரியோடு, எத்தனை குழல்களைப் பார்த்தோம், அவற்றில் எத்தனை எந்தெந்த நிலையில் இருந்தன, மிக முன்னேறிய குழல் எதுவரை சென்றிருந்தது ஆகிய மூன்றையும் தவறாமல் எழுத வேண்டும்.

குழந்தையின்மையில் காணும் தோற்றங்கள்

எல்லாக் குழல்களிலும் உருவாக்கம் முழுமையாக இருக்க, விந்தில் மட்டும் விந்தணு இல்லையென்றால், அடைப்பு என்று கொள்ளலாம். இதில் சொல்ல அதிகமில்லை. உள்வெளி சற்று விரிந்தும் சுவர் சற்றே தடித்தும் இருப்பது உண்டு.

எல்லா வகைச் செல்களும் உண்டு, ஆனால் எண்ணிக்கையில் குறைந்து, அடுக்கு மெலிந்து, குழலுக்குக் குழல் வேறுபட்டு இருந்தால் அது குறைந்த விந்தணு உருவாக்கம். அறிக்கையில் ஹைப்போஸ்பெர்மட்டோஜெனிசிஸ் என்று எழுதுவோம். வெரிகோசீல், அதாவது விதைப்பையில் சிரைகள் புடைத்த நிலை, உள்ளவர்களிடமும், இறங்காத விந்தகத்தைப் பின்னாளில் இறக்கிவைத்தவர்களிடமும் இதை அடிக்கடி காண்கிறோம்.

முதிர்ச்சித் தடை, அதாவது மேச்சுரேஷன் அரெஸ்ட், புதியவர்களை ஏமாற்றும் தோற்றம். குழல் நல்ல விட்டத்தோடு, செல்கள் நிறைந்து, பார்க்கச் செழிப்பாக இருக்கும். 10 எக்ஸில் பார்த்தால் ‘இயல்பு’ என்றே கை எழுதிவிடும். அடுக்கு அடுக்காக உள்ளே வந்தால்தான் பெரிய உட்கருக்களோடு வரிசை நின்றுவிடுவது புரியும். பெரும்பாலும் முதல்நிலை ஸ்பெர்மட்டோசைட்டோடு எல்லாம் நிற்கும். சிறிய உருண்டை உட்கருக்களும் அம்புமுனைகளும் ஒரு குழலில்கூட இரா. ஏதோ ஒரு குழலில் ஓரிரண்டு முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட் தென்பட்டுவிட்டால் அதை முழுமையான தடை என்று எழுதக் கூடாது. மேலே சொன்ன குறைந்த உருவாக்கத்தில்தான் அதைச் சேர்க்க வேண்டும். அந்த ஓரிரண்டு செல்களுக்காகத்தான் மூன்று ஆழங்களிலும் சீவச் சொன்னேன். ஒய் குரோமோசோமில் ஏஇசட்எஃப்-பி பகுதி அறுந்துபோனவர்களிடம் இந்தத் தடை காணப்படுவது உண்டு.

செர்டோலி செல் மட்டும் உள்ள நிலையை அர்ஜென்டினாவின் டெல் காஸ்டீயோவும் உடன்பணியாற்றியோரும் 1947இல் விவரித்தார்கள். குழல் சற்றுச் சிறுத்து, சுவரையொட்டி வெளிறிய உட்கருக்கள் ஒரே வரிசையாக நிற்க, அவற்றின் சைட்டோபிளாசம் குமிழிட்டு, காற்றில் ஒருபக்கம் சாய்ந்த நெற்பயிர்போல் உள்வெளியை நோக்கி அலையலையாகச் சாய்ந்திருக்கும். ஜெர்ம் செல் ஒன்றும் இல்லை. ஏஇசட்எஃப்-ஏ பகுதி முழுவதும் அறுந்தவர்களிடம் எல்லாக் குழல்களும் இப்படியே இருப்பது வழக்கம். மற்றவர்களிடம் பத்துக் குழல்கள் இப்படியிருக்க, பதினோராவது குழலில் முழு உருவாக்கமும் நடந்துகொண்டிருக்கலாம். 1999இல் நியூயார்க்கின் ஷ்லெகல் விவரித்த, விந்தணு எடுக்கும் நுண்ணறுவை முறை இந்த வேறுபாட்டையே நம்பி நிற்கிறது. அறுவை நுண்ணோக்கியில் மற்றவற்றைவிடப் பருத்து வெண்மையாகத் தெரியும் குழல்களில் ஜெர்ம் செல்கள் இருக்க வாய்ப்பு அதிகம். ஆகையால் ‘செர்டோலி மட்டும்’ என்று எழுதும்போது, ‘பார்த்த இத்தனை குழல்களில்’ என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும். அந்தச் சொற்கள் விடுபட்டால், அறிக்கையைக் கையில் வாங்கும் மனிதர் தம் உடலில் எங்குமே இல்லை என்று படித்துக்கொள்வார்.

குழல் முழுவதும் செல்லற்று, கண்ணாடிபோன்ற இளஞ்சிவப்புப் பொருளால் நிறைந்த வெற்று வளையமாகிவிடுவது கடைசி நிலை. பொன்னுக்கு வீங்கி விந்தகத்தைத் தாக்கியவர்களிடம் இது திட்டுத்திட்டாக, நல்ல குழல்களுக்கு நடுவே இருக்கும். 1942இல் விவரிக்கப்பட்ட கிளைன்ஃபெல்டர் நிலையில் குழல்கள் பெரும்பாலும் இப்படிச் சுருங்கித் தழும்பாகிவிட, நடுவே ஆண் ஹார்மோனைச் சுரக்கும் லீடிக் செல்கள் பெரும் திரள்களாகத் தெரியும். இவர்களுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருப்பது 1959இல் தெரியவந்தது.

ஒரே துண்டில் மூன்று நான்கு தோற்றங்கள் கலந்திருந்தால் ஏதாவது ஒரு பெயருக்குள் அதை அடைக்க முயல வேண்டாம். கலப்பு என்று சொல்லி, எண்ணிக்கையைக் கொடுத்துவிடுங்கள்.

குழல்களுக்கு வெளியே

குழல்களுக்கு இடைப்பட்ட இடத்தில் இரத்த நாளங்களையொட்டிச் சிறு கூட்டங்களாக இருப்பவை லீடிக் செல்கள். உருண்டை உட்கரு, தாராளமான இளஞ்சிவப்புச் சைட்டோபிளாசம், வயது கூடக்கூடப் பழுப்புநிறத் துகள்கள். அதிர்ஷ்டம் இருந்தால் ரைன்கே படிகம் என்னும் கோல்போன்ற உருவும் தெரியும். குழல்கள் சுருங்கிப்போன திசுவில் இவை பெருகிவிட்டதுபோலத் தோன்றினாலும், பல சமயம் இடம் குறைந்ததால் நெருங்கித் தெரிகின்றனவே தவிர எண்ணிக்கை கூடியிருக்காது. மாறாக, லீடிக் செல்கள் தேடினாலும் கிடைக்காமல், குழல்கள் சிறுவனுடையவைபோல் உள்வெளியின்றிச் சிறுத்திருந்தால், மூளையடிச் சுரப்பியிலிருந்து தூண்டல் வரவில்லை என்பதை நினைக்க வேண்டும். அப்படிப்பட்டவர்களில் பலருக்கு ஹார்மோன் ஊசியால் உருவாக்கத்தைத் தொடங்கிவைக்க முடியும் என்பதால், இந்தத் தோற்றத்தைத் தவறவிடுவது பெரிய குற்றம்.

இன்னொரு சுற்று, புற்றுநோயின் முன்நிலையைத் தேடி

எல்லாம் எழுதி முடித்த பிறகு வில்லையை மறுபடியும் வைத்து, ஒரே ஒரு கேள்வியோடு முழுவதையும் சுற்றி வாருங்கள். சுவரையொட்டி வரிசையாக, தெளிந்த வெண்மையான சைட்டோபிளாசத்துக்குள், ஸ்பெர்மட்டோகோனியாவைவிடப் பெரிதாய், கருத்துக் கோணலான உட்கருவும் பெரிய நியூக்ளியோலஸும் கொண்ட செல்கள் எங்காவது இருக்கின்றனவா? குழந்தையின்மைக்காக எடுத்த பயாப்ஸியில் இத்தகைய செல்களைக் கண்டு, அவை பின்னாளில் புற்றுநோயாவதை 1972இல் எழுதியவர் டேனிஷ் மருத்துவர் ஸ்காகெபெக். இன்று இதை ஜெர்ம் செல் நியோப்ளேசியா இன் சிட்டு என்கிறோம். இந்தச் செல்கள் உள்ள குழலில் இயல்பான உருவாக்கம் பெரும்பாலும் இருக்காது, சுவர் தடித்திருக்கும். பிஏஎஸ் சாயத்தில் அவற்றின் கிளைக்கோஜன் ஒளிரும், ஆக்ட்-4 எதிர்ப்புரதச் சாயத்தில் உட்கரு பழுப்பாகும். சிறுவயதில் விந்தகம் இறங்காதிருந்தவர்களிடம் இதைக் கூடுதல் கவனத்தோடு தேட வேண்டும். கண்டுவிட்டால் அறிக்கை தட்டச்சாகும்வரை காத்திருக்காமல், அனுப்பிய மருத்துவரை அன்றே தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.

அறிக்கை

வலது, இடது இரண்டையும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒரு பக்கத்தில் இல்லாதது மறுபக்கத்தில் இருக்கலாம். நான் மாணவர்களுக்குத் தரும் மாதிரி இப்படி இருக்கும்: ‘வலது விந்தகம். பூவானில் பதப்படுத்திய 4 மி.மீ. துண்டு, மூன்று ஆழங்கள் பார்க்கப்பட்டன, நசுங்கல் இல்லை. வட்டமாக வெட்டுப்பட்ட 28 குழல்களில் 19இல் செர்டோலி செல்கள் மட்டும், 6 தழும்பாகியுள்ளன, 3இல் குறைந்த அளவில் உருவாக்கம், அவற்றுள் ஒன்றில் முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்டுகள் நான்கு. சுவர் பரவலாகத் தடித்துள்ளது. லீடிக் செல்கள் உள்ளன. நியோப்ளேசியா இன் சிட்டு காணப்படவில்லை. கலப்புத் தோற்றம், மிக முன்னேறிய நிலை: முதிர்ந்த ஸ்பெர்மாட்டிட்.’

அந்த நான்கு செல்கள் எந்த ஆழத்துச் சீவலில், எந்தக் குழலில் இருக்கின்றன என்பதைக் கண்ணாடியின்மேல் மைப்புள்ளியிட்டுக் காட்டிவிட்டு, மீதமுள்ள பாரஃபின் கட்டியைப் பத்திரப்படுத்தி வையுங்கள். விந்தணு எடுக்கும் குழுவினர் அறுவைக்கு முன் அதைத் தாமே பார்க்க விரும்பி வருவார்கள்.